காமலாபுரத்து விமானம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஜவ்வரிசி வியாபாரி. அவருடைய கடைக்குப் போனால் இரண்டு விஷயங்கள் தப்பாமல் கிடைக்கும். ஒன்று, நல்ல காபி. மற்றொன்று, கையெழுத்துப் போடுவதற்கு ஒரு மகஜர். சாக்கடை மகஜர், மேம்பால மகஜர், ரயில் நிற்கவேண்டும் என்னும் மகஜர் என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் காகிதத்தில் எழுதி மேஜை டிராயரில் வைத்திருப்பார். காபியைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

2022ஆம் வருஷத்தில் ஒரு நாள் நான் போயிருந்தபோது டிராயரிலிருந்து வெளியே வந்தது விமான மகஜர். "சேலத்துக்கும் சென்னைக்கும் நடந்துவந்த ஆகாய விமான சர்வீஸ் நின்றுபோனதால் தொழில் வளம் மிகுந்த இந்த நகரத்து மக்கள் சொல்லொணாத சிரமத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

"எழுத்தாளர் கையெழுத்து ஒன்று இருந்தால் கௌரவமாக இருக்கும்" என்றார்.

கௌரவம் என்று ஒருவர் சொன்ன பிறகு எழுத்தாளன் என்ன செய்வான்? பெரிய எழுத்தாகவே போட்டேன். சொல்லொணாத சிரமத்துக்கு ஆளான மக்களில் நானும் ஒருவன் என்ற எண்ணத்தில் கொஞ்சம் நெஞ்சுகூட விம்மிற்று.

அன்று இரவு எனக்குச் சென்னையில் காரியம் இருந்தது. பத்து மணி வாக்கில் சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வண்டி வந்தது. என் பெட்டியில் ஏறி, என் ஆசனத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பையை அடியில் தள்ளி நிமிர்ந்தால், எதிர்ப் படுக்கையில் போர்வையை விரித்துக்கொண்டிருந்தவர் யார் என்கிறீர்கள்? நமது ஜவ்வரிசி நண்பர்தான்!

"என்ன செய்வது? விமானம்தான் இல்லையே!" என்றார் அவர்.

"இருந்தபோது எத்தனை தடவை போனீர்கள்?" என்று நான் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இரண்டு தடவை. ஒரு தடவை மகள் வீட்டு விசேஷத்துக்கு. இன்னொரு தடவை சும்மா பார்ப்பதற்கு. நீங்கள்?"

நான் விளக்கை அணைத்துவிட்டேன். ஒரு தடவைகூடப் போனதில்லை என்று சொல்வதற்கு இருட்டு கொஞ்சம் சௌகரியமாக இருந்தது.

ஆகவே இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று வாசகர்கள் கேட்டால், அந்த மட்டில் இல்லை என்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் வேறொரு வகையில் எனக்குப் பாத்தியதை உண்டு. சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரம் என்னும் கிராமத்தில் இருக்கிறது. அந்த விமானம் ஓடும் பாதைக்கு அடியில் என் தாய்மாமனுடைய கிணறு ஒன்று இருக்கிறது.

மாமாவுக்கு அங்கே ஐந்து ஏக்கர் இருந்தது. செம்மண். வேர்க்கடலையும் குச்சிக்கிழங்கும் போடுவார். மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் குச்சிக்கிழங்கு. அதைச் சேகோ ஆலைக்கு ஏற்றிவிட்டால் வருஷச் செலவு ஒருவாறு சமாளித்துப் போகும். விமான நிலையம் வருகிறது என்று சர்க்கார் நிலம் எடுத்தபோது அதில் மூன்று ஏக்கர் போயிற்று. மீதி இரண்டு ஏக்கர் வேலிக்கு இப்பால் நின்றது. கிணறு மட்டும் அப்பால் போய்விட்டது.

1993ஆம் வருஷம் நிலையம் திறந்து விமானம் வர ஆரம்பித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. மாமா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார். வேலியை ஒட்டி ஜனங்கள் தேர்த் திருவிழாபோல நின்றுகொண்டிருந்தார்கள். முறுக்கு விற்றார்கள். இரண்டு காற்றாடிகள் வைத்த விமானம் ஒன்று மலைப் பக்கமிருந்து தாழ்ந்து வந்து, புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மாமா தட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு விரலால் காட்டினார்.

"அதோ சக்கரம் தொட்டுச்சு பாரு மாப்ளே, அதுக்குக் கொஞ்சம் இந்தாண்டைதான் நம்ம கிணறு."

அவர் குரலில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இரண்டும் இருந்தால்தான் என்ன? மனிதர்களுக்கு ஒரு சமயத்தில் ஒரு உணர்ச்சிதான் வரவேண்டும் என்பது கதை எழுதுகிறவர்கள் தங்கள் சௌகரியத்துக்காக ஏற்படுத்திக்கொண்ட விதி.

அந்த விமானம் என்.இ.பி.சி. என்னும் கம்பெனியுடையது. கொஞ்ச காலம் வந்தது. ஏறுவதற்குப் போதிய ஆள் இல்லை என்றார்கள். நின்றுபோயிற்று. அப்புறம் பதினைந்து வருஷத்துக்குமேல் காமலாபுரத்தில் நடந்தது என்னவென்று கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆறாயிரம் அடி நீளத்துக்கு ஓர் உயர்ந்த தார்ச்சாலை, வெயிலில் காய்ந்துகொண்டு, யாருக்காகவோ காத்துக்கொண்டு கிடந்தது. தேர்தல் காலத்தில் தலைவர்களின் விமானம் எப்போதாவது இறங்கும். மற்ற நாட்களில் காக்காய் இறங்கும்.

2009ஆம் வருஷம் நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. மறுபடியும் வேலியோரத்தில் கூட்டம். சில காலத்துக்குப் பிறகு அதுவும் போயிற்று. 2012ல் அந்தக் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டதால், சேலத்தை மட்டும் கைவிட்டார்கள் என்று கோபித்துக்கொள்ள வழியில்லை. பிறகு 2018ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ட்ரூஜெட் வந்தது. 2021ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் விமானங்கள் வந்தன. ஆக, ஒரு விமான நிலையத்துக்கு முப்பது வருஷத்தில் நாலு திறப்பு விழா! எங்கள் ஊர்க் கோயிலுக்கே அந்த முப்பது வருஷத்தில் இரண்டு கும்பாபிஷேகம்தான் நடந்தது.

ஏன் இப்படி? ஊர் சின்ன ஊரா? இல்லை. உருக்காலை இருக்கிறது, ஜவ்வரிசி இருக்கிறது, ஜவுளி இருக்கிறது, தமிழ்நாட்டுப் பெண்களின் காலில் ஒலிக்கும் வெள்ளிக் கொலுசில் பெரும்பகுதி இங்கேதான் தட்டி முறுக்கி உருவாகிறது. பணம் உள்ளவர்கள் இல்லையா? மகஜரில் கையெழுத்துப் போட்டவர்களே போதும், ஒரு விமானத்தை விலைக்கு வாங்கிவிடலாம். பின்னே என்னதான் குறை?

இந்தக் கேள்வியை நான் பல பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கணக்கு எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பகை. இருந்தாலும் எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு விளங்கிய விதத்தில் சொல்லுகிறேன். என் புத்தகம் ஒன்று இந்த வருஷம் விற்கவில்லை என்றால் பதிப்பாளர் என்ன செய்கிறார்? முகத்தைச் சுளிக்கிறார்; கட்டிப் பரண்மேல் போடுகிறார்; அடுத்த வருஷக் கண்காட்சியில் எடுத்து விற்கிறார். விமானத்தின் ஆசனம் அப்படியல்ல. கதவை மூடியவுடன் அது செத்துப்போகிறது. காலை விமானத்தில் விற்காத ஆசனத்தை மறுநாள் விற்க முடியாது. பழைய மீனைவிட மோசமான சரக்கு! ஆனால் செலவோ, எழுபது பேர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் கிட்டத்தட்ட அதேதான். அதே பெட்ரோல், அதே பைலட், அதே வாடகை.

அதோடு போகவில்லை. விமானம் என்பது றெக்கை முளைத்த முதல். இங்கே நூறு ரூபாய் லாபம் வந்தாலும், வேறு ஓர் ஊருக்குப் பறந்தால் இருநூறு வரும் என்றால் அங்கே போய்விடும். காமலாபுரத்தில் நஷ்டம் வராமல் இருந்தால் மட்டும் போதாது. மற்ற ஊர்களைவிட நல்ல லாபம் வரவேண்டும். சம்பந்தம் பேசும்போது பையன் நல்லவன் என்பது மட்டும் போதுமா? பக்கத்து ஊர்ப் பையனைவிடச் சம்பளம் கூட இருக்கவேண்டாமா? அந்த மாதிரி.

இதற்காகத்தான் மத்திய சர்க்கார் 2016ல் 'உடான்' என்று ஒரு திட்டம் போட்டார்கள். சுமார் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு ரூ. 2,500 என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு கட்டினார்கள். விமானத்தில் பாதி ஆசனங்களுக்கு அந்த விலை. அதனால் கம்பெனிக்கு ஏற்படும் குறையை மானியமாகக் கொடுத்து நிரப்புவது. மூன்று வருஷத்துக்கு அந்தப் பாதையில் வேறு போட்டியாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. சின்ன நிலையங்களில் இறங்கு கட்டணம் கிடையாது. பெரிய ஊர்களில் விமான எரிபொருள்மீது மாநில வரி 29 சதவிகிதம் என்றால் இங்கே 1 சதவிகிதம். போலீஸ் காவலும் தீயணைப்பு வண்டியும் மாநில சர்க்காரின் பொறுப்பு. மானியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றால், டில்லி, பம்பாய் என்று பெரிய தடங்களில் போகும் ஒவ்வொரு விமானத்தின்மீதும் போட்ட தீர்வையிலிருந்து பெரும்பகுதி வருகிறது. மாநிலங்களும் பங்கு போடுகின்றன.

இதை நான் மாமாவுக்கு விளக்கிச் சொன்னபோது அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்:

"அப்போ டில்லிக்குப் போறவன் எனக்கு டிக்கெட் வாங்கித் தர்றானா?"

"ஒரு விதத்தில் அப்படித்தான் மாமா."

"நல்லதுதான். உங்க அத்தை டவுன் பஸ்ஸிலே ஓமலூருக்குச் சும்மா போய்ட்டு வர்றா. நான் காசு கொடுக்கிறேன். அது மாதிரின்னு வெச்சுக்க."

பொருளாதாரப் புத்தகம் எழுதுகிறவர்கள் இவ்வளவு சுருக்கமாக எழுதினால் நானும் இரண்டொன்று படித்திருப்பேன்.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் மூன்று வருஷம் என்றார்களே, அந்த இடத்தில்தான் முடிச்சு. மூன்று வருஷத்துக்குள் ஜனங்களுக்கு விமானத்தில் போகும் பழக்கம் வந்துவிடும், பிறகு மானியம் இல்லாமலே ஓடும் என்பது எண்ணம். நடந்தது என்ன? மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2023ல் பார்லிமெண்டுக்கு வந்தது. அதில் சொல்லியிருக்கும் கணக்கு இது: அதுவரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பாதைகள் 774. அவற்றில் 403 பாதைகளில் விமானம் ஒரு நாள்கூடக் கிளம்பவில்லை. கிளம்பிய 371ல் மூன்று வருஷத்தை முழுக்க ஓட்டியவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54.

774ல் 54! நான் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். அங்கேகூட இவ்வளவு கடுமையாகக் கழித்ததில்லை.

எங்கள் சேலத்து விமானமும் ஏறக்குறைய அந்த மூன்று வருஷக் கணக்கில்தான் நின்றது. நடுவில் கொரோனா வந்து உலகத்திலுள்ள எல்லா விமானங்களையுமே தரையில் உட்காரவைத்துவிட்டதையும் சொல்லவேண்டும். அதன்மீது பழியைப் போட்டுவிட்டு நாம் கை கழுவிவிடலாம். ஆனால் நான் அந்த விளக்கை அணைத்தவன். என்னால் அப்படிக் கை கழுவ முடியவில்லை.

நான் ஏன் போகவில்லை? இதை யோசித்துப் பார்த்தேன். சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. வாஸ்தவம். ஆனால் என் வீட்டிலிருந்து காமலாபுரம் போகவேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்காரவேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் வரவேண்டும். கூட்டிப் பார்த்தால் நாலு மணி ஆகிவிடுகிறது. 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் ரயில் சென்ட்ரலிலிருந்து சேலத்துக்கு நாலு மணிக்கும் குறைவாக வந்துவிடுகிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸோ அதைவிட விசேஷம். இரவு சாப்பிட்டுவிட்டு ஏறினால், பொழுது விடியுமுன் சென்னை. தூங்கும் நேரத்தில் பிரயாணம் நடந்துவிடுகிறது. பிரயாணத்துக்கு ஆன நேரம் சூன்யம்! இதோடு எந்த விமானம் போட்டிபோடும்?

நேரமும் பொருந்தி வரவேண்டும். 2018ல் வந்த விமானம் சென்னையிலிருந்து காலையில் வந்து, கொஞ்ச நேரத்தில் சென்னைக்கே திரும்பிவிடும். ஒரு நாளைக்கு ஒரே நடை. காலையில் போய்க் காரியத்தை முடித்து மாலையில் வீடு திரும்பவேண்டும் என்று நினைக்கிற வியாபாரிக்கு அதனால் என்ன உபயோகம்? ராத்திரி சென்னையில் ஓட்டல் எடுத்துத் தங்கி மறுநாள் வரவேண்டும். அதற்கு ரயிலே போதுமே! இரண்டு நடை விட்டால் ஆள் வரும். ஆள் வந்தால் இரண்டு நடை விடுவோம் என்பார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

தூத்துக்குடியைப் பாருங்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ரயிலில் ஒரு முழு இரவு. துறைமுகம் இருக்கிறது. அங்கே விமானத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதுக் கட்டடமும் திறந்தார்கள். புதுச்சேரியையும் பாருங்கள். 2013லிருந்து விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்து, 2024 டிசம்பரில் மறுபடி ஒரு தடவை வந்தது. அங்கிருந்து சென்னை மூன்று மணி நேரம் கார்ப் பாதை. எங்களுக்கும் ஒரு பக்கம் கோயம்புத்தூர், ஒரு பக்கம் திருச்சி, ஒரு பக்கம் பெங்களூர். மூன்றும் பெரிய விமான நிலையங்கள். நாலு வழிச் சாலையில் மூன்று, நாலு மணியில் போய்விடலாம். சாலை நன்றாகப் போட்டால் ஊர் முன்னேறும் என்கிறார்கள், முன்னேறத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சாலை வழியாகப் பிரயாணிகள் பக்கத்து ஊர் விமானத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1978ஆம் வருஷம் விமானக் கம்பெனிகளின்மீது இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். உடனே சின்ன ஊர்களைக் கம்பெனிகள் உதறிவிடும் என்று பயம் வந்து, அந்த ஊர்களுக்கென்று ஒரு மானியத் திட்டமும் வைத்தார்கள். பத்து வருஷத்துக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள். இன்னும் நடக்கிறது. அங்கே கான்சாஸ் மாகாணத்தில் விச்சிடா என்று ஓர் ஊர். அந்த ஊரார் 2002ல், 'உங்களுக்கு நஷ்டம் வந்தால் நாங்கள் ஈடு செய்கிறோம்' என்று நகரசபைப் பணத்தைக் காட்டி ஒரு கம்பெனியை வரவழைத்து வைத்துக்கொண்டார்கள். இதை நான் செவ்வாய்ப்பேட்டையில் சொன்னேன். நண்பர் ரொம்ப உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதற்கும் ஒரு மகஜர் எழுதலாம்" என்றார். நான் சொல்ல வந்தது அதுவல்ல. கையெழுத்துக்குப் பதிலாக ஆளுக்கு வருஷத்துக்குப் பத்து டிக்கெட் என்று முன்பணம் கட்டுவோமா என்பதுதான் என் யோசனை. காபி வந்துவிட்டது. பேச்சு மாறிவிட்டது.

இவ்வளவையும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். எனக்குச் சிரிக்க முடியாமல் போவது ஓர் இடத்தில்தான்.

2018ஆம் வருஷம் விமானம் மறுபடி வந்த அதே ஆண்டில், நிலையத்தை விஸ்தரிக்க வேண்டும் என்று காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டிப் பக்கங்களில் சுமார் 570 ஏக்கருக்கு அளவெடுக்க வந்தார்கள். இப்போதுள்ள ஓடுபாதையில் காற்றாடி வைத்த சின்ன விமானம்தான் சரிப்படும். பெரிய ஜெட் விமானம் இறங்கவேண்டுமானால் பாதை நீளவேண்டும். பெரிய விமானம் வந்தால்தான் தூர ஊர்களுக்குப் போகலாம். தூர ஊர்களுக்குப் போனால்தான் ரயிலோடு போட்டி இல்லாமல் விமானம் பிழைக்கும். யோசித்துப் பார்த்தால் இந்த வாதத்தில் பிசகு இல்லை. பிசகில்லாத அந்த வாதம் மாமாவின் மிச்சமிருந்த இரண்டு ஏக்கர்மேல் வந்து நின்றது.

ஊரார் எதிர்த்தார்கள். பெண்கள் வரப்பில் விழுந்து அழுதார்கள். மாமா அழவுமில்லை, கோஷம் போடவுமில்லை. நான் போயிருந்தபோது வேலியோரத்து வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே அன்றைய விமானம் ஏறிக்கொண்டு போயிற்று. அது மறையும்வரை பார்த்தார்.

"எத்தனை பேர் போறாங்க மாப்ளே அதுலே?"

"எழுபது பேர் வரை போகலாம் மாமா."

"போகலாம் சரி. போறாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

"மொதல்லே மூணு ஏக்கர் கொடுத்தேன். கொடுத்தேனா எடுத்தாங்களா, அது கெடக்கட்டும். கிணத்தை மூடறப்போ நான்தான் பக்கத்துலே நின்னேன். முப்பதடியிலே தண்ணி கெடந்த கிணறு. சரி, ஊருக்குப் பிளேன் வருதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். வந்துச்சு, போச்சு. இன்னொண்ணு வந்துச்சு, அதுவும் போச்சு. நடுவாலே பதினஞ்சு வருஷம் அந்த ரோட்டுலே ஒரு மனுஷன் காலடி கெடையாது. ராத்திரி படுத்தா எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வரும். பிளேன் வந்துக்கிட்டிருந்தா அவ்வளவா வராது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்போ இந்த ரெண்டையும் கேக்கறாங்க. குடுத்தா நிச்சயமா வருமான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

யாரிடம் கேட்பது? கம்பெனியைக் கேட்டால் சந்தையைக் கேள் என்பார்கள். சர்க்காரைக் கேட்டால் திட்டத்தைக் காட்டுவார்கள். சந்தை என்பது யார்? பத்து மணிக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போர்வை விரித்த நாங்கள் இரண்டு பேரும்தான். எங்கள் கையெழுத்தை நம்பி மாமா தம் நிலத்தை எப்படிக் கொடுப்பார்? சின்ன ஊர் விமானம் ஓடுமா ஓடாதா என்று கணக்குப் போடுகிறவர்கள் பெட்ரோலைப் போடுகிறார்கள், சம்பளத்தைப் போடுகிறார்கள், காலி ஆசனத்தைப் போடுகிறார்கள். அவர்கள் கணக்கில் மாமாவின் கிணறு எந்தப் பத்தியில் வருகிறது என்று நானும் தேடிப் பார்த்தேன். வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை.

2024ல் மாமாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. சென்னையில் இருக்கும் மகள், அங்கேயே ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று அழைத்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். "விமானத்தில் போகலாம் மாமா" என்றேன். பழைய இரவின் உறுத்தல் ஒரு காரணம். மற்றொரு காரணம், அவர் வயது எழுபத்தாறு. முப்பது வருஷம் வேலிக்கு வெளியிலேயே நின்றவர் ஒரு தடவை உள்ளே போகவேண்டாமா?

"டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "குச்சிக்கிழங்கு மூட்டைக் கணக்கிலே சொல்லாதே, நெஞ்சு அடைக்கும்" என்றார். ஆனால் வெள்ளை வேட்டியை வெளுக்கப் போட்டார்.

நிலையத்து வாசலில் போலீஸ்காரர் அடையாள அட்டையைக் கேட்டார். மாமா ஆதார் அட்டையைக் கொடுத்தார். அதில் விலாசம் காமலாபுரம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "உள்ளூரா பெரியவரே?" என்றார் அவர். "உள்ளேயே இருந்தவன்தான்" என்றார் மாமா. போலீஸ்காரருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே விட்டார். இடுப்பு முடிச்சிலிருந்த சுண்ணாம்புடப்பி மட்டும் மணியடித்து, கொஞ்சம் விசாரணைக்கு ஆளாயிற்று.

அந்த ரக விமானத்தில் றெக்கை மேலே இருக்கிறது. ஆகையால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் கீழே பூமி நன்றாகத் தெரியும். மாமாவை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கண் மங்கல்தான், இருந்தாலும் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். விமானம் பாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்று உறுமிற்று. பிறகு ஓட ஆரம்பித்தது. மாமாவின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. பயம் என்று நினைத்தேன்.

"இங்கே" என்றார். அரை விநாடி கழித்து, "தாண்டிட்டோம்" என்றார்.

கையை விட்டுவிட்டார். சேர்வராயன் மலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே வயல்கள் சதுரம் சதுரமாகச் சுழன்றன. வேப்பமரம் தெரிகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை; தெரிகிறது என்றேன். அவருக்கும் தெரிந்திருக்க முடியாது; தலையாட்டினார்.

சற்றுக் கழித்துத் திரும்பி உட்கார்ந்து விமானத்துக்குள்ளே பார்த்தார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. சொந்த பஸ் விட்டவர்கள் பஸ்ஸுக்குள் பார்ப்பார்களே, அந்த மாதிரிப் பார்வை.

"எத்தனை சீட்டு காலி மாப்ளே? எண்ணிச் சொல்லு."

எழுந்து நின்று எண்ணினேன். விமானப் பணிப்பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பதினொன்று" என்றேன்.

"பரவாயில்லே" என்றார். அப்புறம், "தினமும் பதினொண்ணுதானா?" என்றார்.

"இன்றைக்கு மட்டும்தான் மாமா எனக்குத் தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மீனம்பாக்கத்தில் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு கண்ணைத் திறந்து, "ஊருக்குத் திரும்பறப்போ இது எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் வரச்சொல்லியிருந்த வேளைக்கும் விமானம் கிளம்பும் வேளைக்கும் பொருந்தி வரவில்லை. அதனால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கையாக இரண்டு டிக்கெட் ஏற்கெனவே வாங்கி என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே, மேலே இருந்த பையை எடுப்பதற்காக எழுந்தேன்.